அட்டையைத் திருப்பி வைத்தவள்

அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போன மாதம் அவிநாசி ரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் படத்தை வாங்கி, முகத்துச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பின்னால் மேகம் வைத்து, தலைக்கு மேலே கொஞ்சம் வெளிச்சமும் போட்டான். வாழ்நாள் முழுக்கக் கூன் விழ வேலை பார்த்தவள் ஆகாயத்தில் நிமிர்ந்து மிதந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"கவிதை எதுங்க போடட்டும்? அம்மாவுக்குன்னு தனியாவே இருக்குதுங்க. மெழுகுவத்தி இருக்குது, பூ இருக்குது, நீர்க்குமிழி இருக்குது."

"கவிதை வேண்டாம் கண்ணு."

"மொட்டையா இருக்குமுங்களே."

"மொட்டையாவே அடி."

நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது அவனுக்குத் தெரியும். அவன் அக்காள் என்னிடம் படித்தவள். தமிழ் டீச்சர் கவிதை வேண்டாம் என்கிறாளே என்று ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நமக்கும் பேனர் அடிக்கும் காலம் வந்துகொண்டிருக்கிறது. அதற்காக முகத்தைச் சுளிக்காதீர்கள். மெழுகுவத்தியா, பூவா என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுவது நல்லது. "கீழ்க்காணும் பாடலைப் படித்து நயம் பாராட்டுக" என்று வேலையில் இருந்த காலம் முழுவதும் கேள்வித்தாள் எழுதியவள் நான். நிலையாமையைப் பற்றி எத்தனையோ பாட்டுக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். ஆனால் இழவுக் கவிதை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது அச்சு மையும் புது அட்டையும் கலந்த வாசம். அது என் பதினோராம் வயதில் மூக்கில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

அப்போது நாங்கள் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை, ஒரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பிளீச்சிங் பட்டறை. துணி வெளுக்கும் பவுடர் நெடி காலையில் கண்ணைக் கரித்துத்தான் எழுப்பும். குழாயில் உப்புக் கரிக்கும் சப்பைத் தண்ணீர். சோறு அதில் வெந்தால் மஞ்சள் பூத்துவிடும். அம்மாவுக்குச் சொந்த ஊர் கொமரலிங்கம். அமராவதித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கெட்டும் பட்டணம் சேர் என்று சொல்லித்தான் அப்பா அவளைத் திருப்பூருக்குக் கூட்டி வந்தார். கூட்டி வந்தவர் எங்களை விட்டுவிட்டு வேறு பட்டணம் சேர்ந்துவிட்டார். அவர் கதை இங்கே வேண்டாம்.

மிஞ்சியது அம்மா, நான், தம்பி. தம்பிக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. வெட்டி மீந்த பனியன் துணியில் அம்மா தைத்த சட்டையைத்தான் போட்டிருப்பான். ஒரு கை ஒரு வெள்ளை, மறு கை இன்னொரு வெள்ளை. விளையாட்டுச் சாமான் என்று அவனுக்கு இருந்தது நூல் சுற்றி வரும் காகிதக் கோன் ஒன்று. நூல் தீர்ந்த கோனை வாயில் வைத்து "ப்பூ" என்று ஊதுவான். காலையில் எழுந்ததும் ஊதுவான், சோறு கொண்டு போனால் ஊதுவான், அம்மா வேலைக்குப் போகும்போது வாசற்படியில் நின்று ஊதுவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வைதார்கள். அம்மா, "எம்பையன் சங்கூதறான், உங்களுக்கென்ன" என்பாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள் என்று பின்னால் அதற்கும் அழுதாள்.

அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனி எங்கள் தெருமுனையில் இருந்தது. முதலாளி அவிநாசிபாளையத்துப் பக்கம் தோட்டம் காடு உள்ளவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. அவருடைய மனைவி அதற்கு முந்தின வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். சாவு ஊர்வலத்துக்குப் பூப்பல்லக்கு கட்டினார்கள். நாங்களெல்லாம் வரிசையில் நின்று பார்த்தோம். நல்ல மனுஷி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

ஆடி மாதம் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் அவனைப் பார்த்துக்கொண்டேன். மத்தியானம் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டு அக்கா மடியில் அவனைப் போட்டுவிட்டுக் கம்பெனிக்கு ஓடினேன். கேட் சாத்தியிருந்தது. உள்ளே லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. லாரி கிளம்பும் வரை பொம்பளை ஆள் ஒருத்தர்கூட வெளியே போகக் கூடாது என்பது அங்கே சட்டம்.

வாட்ச்மேன் மதுரைப் பக்கத்துக்காரர். என்னைத் தெரியும். "மொதலாளி சொல்லாமத் தொறக்க முடியாதே பாப்பா" என்று மேலே பார்த்தார்.

நானும் மேலே பார்த்தேன். மாடிக் கைப்பிடியில் காபி டம்ளரோடு முதலாளி சாய்ந்து நின்றிருந்தார். நான் கத்தினேன். தம்பிக்கு இழுக்கிறது, அம்மாவை அனுப்புங்கள் என்று தெளிவாகத்தான் கத்தினேன். அவர் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். வாட்ச்மேனிடம், "லோடு ஏறட்டும்" என்றார். காபியை ஆற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

லோடு ஏறியது. அம்மா வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, ரிக்ஷாவில், அம்மாவின் மடியில் தம்பி அடங்கிவிட்டான்.

குழந்தைச் சாவுக்கு எதுவும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எரிப்பதில்லை, புதைப்பதோடு சரி. கருமாதி இல்லை, பத்திரிகை இல்லை, சொந்தபந்தம் வந்து உட்கார்ந்து பேசுவதும் இல்லை. போட்டோ ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. நொய்யல் கரையில் குழி தோண்டியவர் கையைத் தட்டிவிட்டு, "அடுத்ததப் பெத்துக்கலாம் தாயி" என்றார். யாரோடு பெறுவது என்று அவர் சொல்லவில்லை.

கேட்டைத் திறக்க விடாதது யார் என்று அம்மாவுக்குத் தெரியாது. வாட்ச்மேன்தான் என்று நினைத்துக்கொண்டாள். நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்தக் கம்பெனிப் படியை மறுபடி மிதித்திருக்க மாட்டாள். அப்புறம் சோற்றுக்கு என்ன செய்வது? பதினோரு வயதில் எனக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வாட்ச்மேனைக்கூட அவள் அதிகம் வையவில்லை. தன்னையேதான் வைதுகொண்டாள். "காலைல நெத்தியத் தொட்டுப் பாத்தனே, சூடாத்தான இருந்துச்சு, அப்பறமும் போனனே" என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். சட்டியைக் கழுவும்போது, தலை வாரும்போது, திடீர் திடீரென்று அந்தப் பேச்சு வரும். கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்தது.

கம்பெனிக்குள் போனாலே அவளுக்கு மூச்சு முட்டியது. துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் மடித்துக் கொடுக்கட்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பினார். தீபாவளிச் சரக்குக்கு ஆள் பற்றாத நேரம்; மடிக்கிற கை ஒன்று குறைந்தால் அவருக்குத்தான் நஷ்டம். அம்மாவோ, "மகராசன், எம் மனசறிஞ்சு செஞ்சாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

இனி அந்த இழவுக் கவிதைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழய்யாவைக் கூப்பிட்டு, முதலாளி தன் மனைவிக்காக இரங்கற்பா ஒன்று எழுதி வாங்கியிருந்தார். வருஷத் திதி புரட்டாசியில் வந்தது. ஊர் முழுக்கத் தன் துக்கம் தெரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, நம் ஊர் முதலாளி ஒருவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. பனியனை மடிக்கும்போது விறைப்பாக நிற்க உள்ளே ஒரு அட்டை வைப்பார்கள் அல்லவா, அந்த அட்டையில் பாட்டை அச்சடித்துவிட்டார். மனைவியின் படத்தையோ பெயரையோ போடவில்லை. ஊரான் போடுகிற பனியனுக்குள் பெண்டாட்டியை வைப்பதா என்ற மரியாதை. மேலே ஒரு குத்துவிளக்குப் படம், கீழே நாலு வரி, அவ்வளவுதான். எழுத்து முதுகுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், வாங்கியவன் வீட்டில் பிரிக்கும்போதுதான் கண்ணில் பட வேண்டும் என்று உத்தரவு.

தமிழய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. அட்டை அச்சாகி வருவதற்கு முன்பே எங்கள் வகுப்புக் கரும்பலகையில் பாட்டை எழுதிவிட்டார்.

விடியலிலே விரிந்தமலர் வெயில்வருமுன் உதிர்ந்ததுவே
குடியிருந்த வீடிதனில் குரலொன்று குறைந்ததுவே
மடிநிறைந்த சுகமெல்லாம் மறைந்ததொரு நொடிதனிலே
நொடிநீளம் வாழ்வென்றால் நோவதிங்கே யாரையோ

இன்று எனக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பாதிக்குக் கொஞ்சம் மேலே போடுவேன். ஓசை கெடவில்லை. எதுகை இருக்கிறது. ஆனால் செத்தவர் இந்தப் பாட்டில் எங்கேயும் இல்லை. அவருக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பார், எதுவும் இல்லை. எந்த வீட்டுச் சாவுக்கும் பொருந்துகிற பாட்டு அது. அப்படிப்பட்ட பாட்டு யாருக்குச் சொந்தம்? அழுகிறவருக்குச் சொந்தம் என்று நான் நினைத்திருந்தேன். அச்சுக்கூலி கொடுத்தவருக்குச் சொந்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"மலர் என்றது மங்கலமாய் வாழ்ந்த அம்மையாரை. வெயில் வருமுன் என்றது முதுமை வருமுன். குரல் என்றது ஏவலாளரை அன்பாய் அழைத்த குரல். மடி என்றது இல்லறத்தின் செல்வச் செழிப்பை. மருத்துவர் எல்லாம் முயன்றும் விதி முந்தியதால் யாரை நோவது என்கிறார் புலவர்" என்றார் தமிழய்யா. புலவர் என்றபோது தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். எழுதச் சொன்னார். எதுகையும் உருவகமும் பிரித்துக் காட்டி நான்தான் முதலாவதாக வந்தேன். எழுதும்போது என் கண்ணீர் விழுந்து தாள் நனைந்திருந்தது. "பாட்டின் சக்தி" என்று அந்தத் தாளைத் தலைமையாசிரியர் அறை வரை கொண்டு போய்க் காட்டினார். மூன்று வாரத்துக்கு முன்னால் தம்பி செத்த பிள்ளை அழுகிறது என்று அந்த ஆளுக்குத் தோன்றவே இல்லை.

ஆவணியில் பனியன் மூட்டையோடு அட்டைக் கட்டும் வீட்டுக்கு வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா ஒரு அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"வெளக்குப் படம் போட்டிருக்குது. கீழ என்ன போட்டிருக்குது கண்ணு?"

முதல் வரியைப் படித்தேன். விடியும்போது விரிந்த பூ வெயில் வருவதற்குள் விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "விடியக்காலந்தான் பொறந்தான்" என்றாள். அட்டையை என் பக்கம் நீட்டி, "நம்ம பையனச் சொல்லுதா?" என்று கேட்டாள்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. ஆடிக்குப் பிறகு அந்த முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. நான் "ஆமாங்கம்மா" என்றேன். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. அந்தப் பாட்டுக்குக் கிடைத்த பொருளிலேயே சரியான பொருள் அதுதான் என்று ஒரு தமிழாசிரியையாகச் சொல்கிறேன்.

மற்றதையெல்லாம் அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். வீட்டில் ஒரு குரல் குறைந்தது என்றதும், "கோன் ஊதுவானே" என்று மூலையைப் பார்த்தாள். கோன் அங்கேதான் கிடந்தது. மடி என்றதும் தன் மடியைப் பார்த்தாள். கடைசி வரிக்கு மட்டும், "நோவறதுன்னா?" என்று கேட்டாள்.

"குத்தம் சொல்றதுங்கம்மா. யாரு மேல குத்தம் சொல்றதுன்னு கேக்குது. யாரு மேலயும் இல்லைன்னு அர்த்தம்."

"பெத்தவ மேலயும் இல்லையா?"

"இல்லீங்கம்மா."

"அப்படின்னா போட்டிருக்குது?"

"அப்படித்தான் போட்டிருக்குது."

அன்றிலிருந்து தலையில் அடித்துக்கொள்வது நின்றது. மாடியில் காபி டம்ளரோடு நின்ற ஆளை நான் கண்ணால் பார்த்தவள். யார் மேலும் குற்றமில்லை என்று என் வாயால்தான் சொன்னேன். அம்மா சோறு தின்றாள். அது போதும் என்று இருந்தது.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. முதலாளிதான் கேள்விப்பட்டு, மனம் உருகி, தம்பிக்காக அச்சடித்திருக்கிறார் என்று அவளாக முடிவுகட்டிக்கொண்டாள். அவர் காலில் விழுந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்று தினமும் கிளம்பினாள். நான் தினமும் ஒரு காரணம் சொல்லி நிறுத்துவேன். அவர் ஊரில் இல்லையாம், யாரும் அதைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காதாம், தீபாவளி முடியட்டும். அந்தப் பருவம் முழுவதும் எனக்கு ஒரே வேலை, அம்மாவுக்கும் அந்த வெள்ளைச் செருப்புக்கும் நடுவில் நிற்பது.

அவள் மடிப்பதைப் பார்க்க வேண்டும். பனியனைக் குப்புறப் போட்டு, அட்டையை வைத்து, இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி, கீழ்ப்பக்கத்தை மேலே கொண்டுவந்து, திருப்பி, உள்ளங்கையால் நெஞ்சுப் பக்கத்தை நீவிவிடுவாள். தம்பிக்கு எண்ணெய் தேய்த்த அதே கை. அட்டை மை உள்ளங்கையெல்லாம் ஒட்டியிருக்கும். ஒருநாள் கவனித்தேன்; எழுத்து முதுகுப் பக்கம் இருக்க வேண்டிய அட்டையை அவள் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பனியன் கழுத்துக்குள் குத்துவிளக்கும் முதல் வரியும் பளிச்சென்று தெரிந்தன.

"மாத்தி வெக்கறீங்கம்மா."

"தெரியட்டும் கண்ணு. மதுரைக்குப் போவுது, தஞ்சாவூருக்குப் போவுது. நானும் அவனும் போவாத ஊருக்கெல்லாம் போவுது. நாலு பேரு அவனப் பாக்கட்டும்."

அந்தப் பனியன்கள் பெட்டி பெட்டியாகப் போயின. ஐப்பசி பிறந்து தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எல்லாம் திரும்பி வந்தன. வராமல் இருக்குமா? தலைத்தீபாவளிக்கு மருமகனுக்குப் புதுப் பனியன் வாங்கப் போகிறவன், பெட்டியைத் திறந்ததும் உள்ளே இழவுப் பாட்டு இருந்தால் என்ன செய்வான்? கடைக்காரர்கள் மிச்சப் பெட்டியையும் பிரித்துப் பார்த்துவிட்டு, லாரி லாரியாகத் திருப்பி அனுப்பினார்கள். துக்கத்தை ஊருக்கெல்லாம் பங்கு வைக்க நினைத்த முதலாளிக்கு ஊர் அதைக் கட்டுக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டது. இது நடந்தது இன்னொருவர் வீட்டில் என்றால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

வாட்ச்மேன் வந்து அம்மாவைக் கூப்பிட்டார். நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள், நன்றி சொல்ல நேரம் வந்ததென்று. நான் கூடவே ஓடினேன்.

பேக்கிங் ஹாலில் கூரை முட்டப் பெட்டிகள். பெண்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். தமிழய்யாவையும் வரவழைத்திருந்தார்கள்; துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முதலாளி ஒரு பெட்டியைத் திறந்து அம்மாவின் முன்னால் நீட்டினார்.

"இது ஆரு மடிச்சது?"

"நாந்தானுங்க சாமி."

"எழுத்து பொறத்தால இருக்கோணும்னு சொல்லித்தான குடுத்தது? இதாலதான் கடைல தொறந்ததீம் கண்ணுல பட்டிருக்குது. நீ எதுக்குத் திருப்பி வெச்ச?"

அம்மா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"தெரியட்டும்னுதானுங்க சாமி. எம்பையனுக்கு நீங்க இத்தனை பெரிய காரியம் பண்ணியிருக்கறீங்க. அத உள்ளார வெச்சு மூட மனசு வல்லீங்க."

"எந்தப் பையனுக்கு?"

"ஆடில போயிட்டானுங்களே சாமி. கேட்டு சாத்தியிருந்துச்சே, அன்னைக்கு." அட்டையைத் தொட்டுக் காட்டினாள். "இதுல இருக்கறானுங்களே."

சுவரோரம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. பெட்டிகள் திரும்பி வந்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"எங்கூட்டு அம்மாவுக்கு எழுதுனதுல உம்பையனக் கொண்டாந்து உக்கார வெக்கறயா? ஆரு சொன்னது உனக்கு?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோள் சொல்லும் பார்வை இல்லை. நீ சொல்லு கண்ணு, இவருக்குத் தெரியவில்லை என்பது போலப் பார்த்தாள்.

தமிழய்யா முந்திக்கொண்டார். "இவ எங்கிட்டப் படிக்கற புள்ளதானுங்க. பொருள் தெரியாதவ இல்லீங்க. நயம் எழுதி மொதலா வந்தவ. வேணும்னே மாத்திச் சொல்லியிருக்கறா."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் முதலாளி. மிஷின்களை நிறுத்தச் சொன்னார். அந்த ஹாலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. "இப்ப எல்லாருக்கும் கேக்கற மாதிரி உங்கம்மாவுக்கு அர்த்தம் சொல்லு. வரி வரியா."

சொன்னேன். மலர் என்றது மங்கலமாய் வாழ்ந்த அம்மையாரை. வெயில் வருமுன் என்றது முதுமை வருமுன். தாளில் எழுதிய வரிசை மாறாமல் வந்தது. நல்ல மாணவி அல்லவா. குரல் என்றது ஏவலாளரை அன்பாய் அழைத்த குரல். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவள் முகத்திலிருந்து ஒன்று கழன்று போயிற்று. மடி என்றபோது கையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"கடைசி வரி?"

"யாரை நோவதுன்னு கேக்குதுங்க."

"ஆரை நோவறது? சொல்லு."

நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன். மேலே பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"யாரையும் இல்லீங்க" என்றேன். "டாக்டருங்க எல்லாம் பாத்தும் விதி முந்திருச்சுங்க."

"கேட்டயாம்மா?"

அம்மா தலையாட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, கூலியைக் கைநீட்டி வாங்கும்போது பேசுகிற அதே பணிவான குரலில், "நல்லா இருக்குதுங்க சாமி" என்றாள். "அம்மாவுக்குப் பொருத்தமா இருக்குதுங்க."

அத்தனை பெட்டியையும் பிரித்து, பாட்டு அட்டையை உருவிவிட்டு, வெற்று அட்டை வைத்து அம்மாவே மடித்துத் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. என்னையும் கூட உட்கார வைத்தார்கள். உருவிய அட்டைகளைக் கூடை கூடையாக அள்ளிப் பிளீச்சிங் பட்டறை அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஜன்னல் வழியாக அந்தப் புகைதான் தீபாவளி வரை வந்தது. அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தாள். ஒரு அட்டையை நான் பாவாடைக்குள் ஒளித்து வைத்தேன். எப்படிப் பார்த்தாளோ தெரியவில்லை. எழுந்து வந்து, இடுப்பிலிருந்து அதை உருவி, கூடையில் போட்டாள்.

"அது நம்மளுது இல்ல" என்றாள்.

என்னை அவள் அடிக்கவில்லை. வையவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தவில்லை. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிக் கல்லூரி வரை படிக்க வைத்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு எதையும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை. பஸ் போர்டை அடுத்தவரிடம் கேட்பாள், நான் பக்கத்திலேயே நிற்பேன். ரேஷன் கடைப் பலகை, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போவாள். நான் வேலைக்குச் சேர்ந்த உத்தரவு வந்தபோதுகூடத் தபால்காரரிடம்தான், "நெசமாலுமா போட்டிருக்குது?" என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் பொருள் சொன்னேன். என் வீட்டில் என் வாய்க்கு மதிப்பில்லை. தலையில் அடித்துக்கொள்கிற பழக்கமும் அந்த ஐப்பசியிலேயே திரும்பி வந்துவிட்டது. கிழவியாகும் வரை போகவில்லை.

முதலாளி இல்லை, தமிழய்யாவும் இல்லை. அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் ஒடிசாப் பையன்கள் தங்கும் கட்டடம் நிற்கிறது. போன ஆவணியில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து எல்லாப் படமும் எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்தது. நர்ஸ் பெண் கட்டிலருகே கொண்டு வந்தபோது நான் கையை நீட்டி வாங்கிப் படித்தேன். குடலில் தொடங்கிய புற்று ஈரல் வரை போயிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அதில் இருந்தது.

அம்மா என் கையிலிருந்து தாளை வாங்கி நர்ஸிடம் நீட்டினாள். "கண்ணு, நீ படிச்சுச் சொல்லு. இதுல என்ன போட்டிருக்குது?"

அந்தப் பெண்ணுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சின்னப் பெண். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல பாட்டி. ரத்தம் கொஞ்சம் கொறச்சலா இருக்காம். நல்லாச் சாப்பிட்டா சரியாயிரும்னு போட்டிருக்கு."

அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. அந்த உயிரை நான் முன்பு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்கும்படியே சொன்னாள்:

"நீயாச்சும் உள்ளதச் சொன்னயே கண்ணு."